ரிசெப்டார் இருக்கு சரி, வேலை செய்யுதா?

பொறவிலேயே எதிர்ப்பு சக்தி இல்லாம போற எஸ்சிஐடி நோயோன்னு சந்தேகப்பட்டு குழந்தை ரத்தத்தை டெஸ்ட் பண்ணி, "சிடி132 இருக்கு"ன்னு ரிப்போர்ட்ல பாத்ததும் நெறைய பேர் நிம்மதியாயிடறாங்க, எனக்கு அங்கதான் சந்தேகமே ஆரம்பிக்கும். பரேல் பக்கம் ஒரு லேப்ல ஃப்ளோ சைட்டோமீட்டர், அதாவது ஒவ்வொரு செல் மேலயும் என்ன புரதம் இருக்குன்னு லேசர்ல பாக்கற மெஷின், ஓட்டுறது என் வேலை, வீடு சயான்ல, தாராவிலேருந்து தமிழ்க் குடும்பம் யாராவது கைக்குழந்தையோட வந்தா பேசுறதுக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்க.

சிடி132னா காமா செயின். செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்புற புரதம்தான் சைட்டோகைன், அதை வாங்குற ஆன்டெனா மாதிரி ரிசெப்டார். ஐஎல் (இன்டர்லூக்கின்)-2, 4, 7, 9, 15, 21 இந்த ஆறு சைட்டோகைனோட ரிசெப்டாருக்கும் பொதுவான பார்ட், பில்டிங்குக்கே ஒரு மெயின் ஃபியூஸ் மாதிரி. டி, பி, என்கே மூணும் கிருமியோட சண்டை போடற வெள்ளை அணு வகைங்க. ஐஎல்-7 சிக்னல் போகலன்னா நெஞ்சுல இருக்கற தைமஸ் சுரப்பில டி செல் வளராது, ஐஎல்-15 சிக்னல் போகலன்னா என்கே செல் கிடையாது, பி செல் மட்டும் எண்ணிக்கைல இருக்கும் ஆனா உருப்படியா ஆன்டிபாடி தராது. காமா செயினோட ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கறதால பையனுங்கதான் மாட்டுவாங்க. ஹூஸ்டன்ல பிளாஸ்டிக் கூண்டுக்குள்ளயே வளர்ந்த டேவிட் வெட்டருக்கும் இதே நோய்தான், அவன் 1984ல போயிட்டான், ஜீன் இதுதான்னு தெரிஞ்சது 1993ல.

டெஸ்ட்டுக்காக நாம ஒட்டுற ஆன்டிபாடி செல்லுக்கு வெளிய நீட்டிட்டு இருக்கற பாகத்தைத்தான் பாக்கும். செல்லுக்கு உள்ள இருக்கற அதோட வால்ல ஜாக்3ங்கற என்சைம் வந்து ஒட்டி, அதுலேருந்து ஸ்டாட்5ங்கற புரதம் பாஸ்பேட் வாங்கி நியூக்ளியஸுக்கு ஓடினாத்தான் செல் பிழைக்கும், பெருகும். வால்ல மியூட்டேஷன் இருந்தாலோ ஜாக்3யே கெட்டிருந்தாலோ வெளிய சிடி132 ஜம்முனு இருக்கும், உள்ள ஒண்ணும் நடக்காது. சில சமயம் டி செல் எண்ணிக்கை கூட ஓரளவு இருக்கும், அது அம்மாவோட செல் பிரசவத்துக்கு முன்னாடியே குழந்தைக்குள்ள வந்து குடியேறினதா இருக்கலாம், அதனால சிடி45ஆர்ஏங்கற அடையாளத்தை வச்சு புது டி செல் இருக்கான்னு பாக்காம நான் எதையும் நம்பறதில்ல.

அதனால ஃபங்ஷன் டெஸ்ட். பச்சை மூடி ஹெப்பாரின் டியூப்ல ரத்தம், 37 டிகிரில கொஞ்ச நேரம் ஐஎல்-2, உடனே ஃபிக்ஸ் பண்ணி ஐஸ் மெத்தனால் ஊத்தி பாஸ்போ ஸ்டாட்5 (பாஸ்பேட் ஒட்டின ஸ்டாட்5) பாக்கணும், லேட்டானா பாஸ்பேட் கழண்டுடும். டி செல்லே இல்லாத குழந்தைக்கு? பி செல்லுக்கு ஐஎல்-21 குடுத்து ஸ்டாட்5 மாதிரியே இருக்கற ஸ்டாட்3 பாக்கலாம். கூடவே நல்லா இருக்கற ஒருத்தர் ரத்தமும் ஓடணும், அதுக்கு லேப்ல எங்களையே மாத்தி மாத்தி குத்துவாங்க (டீ வாங்கித் தர்றேன்னு சொல்லுவாங்க, வராது). ஸ்கிரீன்ல வர்ற வரைபடத்துல என் பீக் வலது பக்கம் நகரும், குழந்தையோடது அசையாம நிக்கும்.

இன்னொரு விஷயம் எனக்கு இன்னமும் ஆச்சரியம். சும்மா இருக்கற டி செல்ல ஐஎல்-2 ரிசெப்டாரோட பீட்டாவும் காமாவும்தான், பிடிப்பு சுமார். தூண்டினா ஆல்ஃபா அதாவது சிடி25 வந்து சேரும், பிடிப்பு கிட்டத்தட்ட 100 மடங்கு ஏறிடும், செல் பெருசாகி பிரிய ஆரம்பிக்கும். ரெகுலேட்டரி டி செல் (மத்த டி செல்லை அடக்கி வைக்கற வகை) எப்பவுமே சிடி25ஐ நிறைய வச்சிருக்கும், தானா ஐஎல்-2 பெருசா செய்யாது, அடுத்தவங்களுதை உறிஞ்சிக்கும். சைட்டோகைன் எவ்வளவு இருக்குங்கறதை விட எந்த செல் எந்த ரிசெப்டாரை வச்சிருக்குங்கறதுதான் யார் வளர்றாங்கன்னு முடிவு பண்ணுது.

போன மழைக்காலத்துல வந்த திருநெல்வேலிப் பாட்டி, "எம் மூத்த பயலும் இப்படித்தான் சளி புடிச்சு ஆறு மாசத்துல போயிட்டான் தம்பி, இப்ப பேரனுக்கும்"னாங்க. பாட்டியோட மகளுக்கு, அதாவது குழந்தையோட அம்மாவுக்கு, ஒரு எக்ஸ் கெட்டிருந்தும் அவங்க ஆரோக்கியமா இருந்தாங்க, ஏன்னா கெட்ட எக்ஸை வச்சிருந்த டி செல் எதுவும் வளரவே இல்ல, நல்லதை வச்சிருந்ததுதான் மிச்சம். அந்த மகளோட அக்காவுக்கு ஏழாவது மாசம்னு பாட்டி சொன்னதும், அவங்களையும் கூட்டிட்டு வாங்க பாட்டி, பையன் பொறந்தா நம்ம டெஸ்ட் முடியற வரைக்கும் பிசிஜி போட வேண்டாம்னு டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்கன்னேன், அது உயிருள்ள கிருமி, இந்த மாதிரிக் குழந்தைக்கு உடம்பெல்லாம் பரவிடும்.