வாங்காமல் விட்ட காணிக்கை

"அந்தக் கணக்கு அன்னைக்கே முடிஞ்சிபோச்சு பாட்டி, பணத்தைப் பத்திரமா வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்று மருத்துவமனையின் பணக் கவுண்டரிலிருந்து நான் சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்தைக் கடந்த எட்டு மாதங்களில் எத்தனையோ முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லில் கடுமை இல்லை. குரலும் கனிவாகத்தான் இருந்தது. பக்கத்துக் கவுண்டரில் இருந்த தங்கை, "நல்ல காரியம் செய்தீர்கள் அண்ணே" என்றுகூடச் சொன்னாள். ஆனாலும் அதைக் கேட்ட அந்த முதியவரின் முகம் மலரவில்லை. கடன் தீர்ந்தது என்று கேட்டவரின் முகம் அப்படி வாடுமா என்பதுதான் முதலில் என்னைத் தைத்தது.

அதற்குப் பதினான்கு மாதங்களுக்கு முன்பு, டெங்குக் காய்ச்சல் பரவியிருந்த நாட்களில், அவருடைய பேரன் எங்கள் மிஷன் மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தான். மொத்தத் தொகை 14,860 ரூபாய். முன்பணமாக 5,000 கட்டியிருந்தார். கண்காணிப்பாளரிடம் எழுதி வாங்கி 6,000 கன்செஷன் கொடுத்தோம். மீதி 3,860 ரூபாய் நின்றது. ஏழைகள் நிதியில் அந்த மாதம் ஒதுக்கியது தீர்ந்திருந்தது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்காக ஆலயத்துக்கென்று எடுத்துவைக்கும் தசமபாகம், அந்த மாதத்துக்கானது, என் பைக்குள் உறையில் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் அதிலிருந்து எடுத்துக் கட்டி, பேரனின் பெயருக்கே ரசீது போட்டு, "மீதியை ஆஸ்பத்திரி பாத்துக்கிடும்" என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன். அது முழு உண்மை அல்ல என்பது அப்போதே தெரியும். வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்று ஆண்டவர் சொன்னது நினைவிலிருந்ததால், அதை நான் பொய்யாகக் கருதவில்லை. இன்றும் அந்தப் பகுதியைப் பற்றி எனக்குப் பெரிய உறுத்தல் இல்லை. உறுத்துவது அவர் திரும்பி வந்த அந்த மாலை.

மணி ஏழேகால் இருக்கும். அன்றைய இருப்பை எண்ணி முடித்து, 500, 200, 100 என்று நோட்டு வாரியாகத் தாளில் எழுதி, தொகை ஒத்துவந்த திருப்தியில் கையெழுத்தும் போட்டிருந்தேன். கண்ணாடியின் கீழ்த் துளை வழியாக ஒரு சிறிய பொட்டலம் உள்ளே வந்தது. பத்தும் இருபதுமான நோட்டுகளைத் தனித்தனிக் கட்டுகளாக அடுக்கி, பீடி கட்டும் நூலாலேயே கட்டியிருந்தார். மேலே ஒரு துண்டுச் சீட்டு. அதில் 3,860 என்று என் கையெழுத்து. டிஸ்சார்ஜ் அன்று மீதித் தொகையைக் குறித்துக் கொடுத்த சீட்டு அது; மடிப்பு மடிப்பாக நைந்திருந்தது. நோட்டுகளில் பீடித்தூளின் காரமான மணம் ஏறியிருந்தது. பொட்டலத்தை உள்ளே தள்ளிய கட்டைவிரலின் நகத்தோரம் கறுத்துப்போயிருந்ததையும் கண்டேன். சுளகை மடியில் வைத்து இலை வெட்டி, தூள் நிரப்பி, சுற்றி, மடித்துக் கட்டுகிற வேலையை எங்கள் பகுதியில் பார்க்காதவர் கிடையாது. ஒரு கட்டுப் பீடிக்கு என்ன நிற்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"எண்ணிப் பாத்துக்கிடுங்கய்யா, மூவாயிரத்து எண்ணூத்தி அறுபது இருக்கு" என்றார்.

நான் எண்ணவில்லை. நூலைக்கூட அவிழ்க்கவில்லை. மேலே எழுதிய அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பொட்டலத்தை வெளியே தள்ளினேன். அவர் அதை மறுபடி உள்ளே தள்ளி, "நான் ஒங்களுக்கா தாரேன்? இது கோயில் ஆஸ்பத்திரி. கோயில் கடனை வச்சிக்கிட்டு நான் கண்ண மூட முடியுமா?" என்று கேட்டார். நெற்றியில் திருநீறு பூசியிருந்தவர் எங்கள் மருத்துவமனையைக் கோயில் என்றது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. அந்த மகிழ்ச்சியில், "கடவுள் ஒங்ககிட்ட கடன் கேக்கல பாட்டி, பேரனுக்குப் பால் வாங்கிக் கொடுங்க" என்று சொல்லி முடித்துவிட்டேன். அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. பொட்டலத்தை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். சீட்டு மட்டும் கவுண்டரிலேயே கிடந்தது.

அன்று இரவு ஜெபிக்கையில், சரியாகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே பல காரணங்களை அடுக்கினேன். அவை இன்றும் எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. ஒரு முதிய பெண் கண்ணெரியச் சுற்றிச் சேர்த்த காசைக் கட்டப்பட்டுவிட்ட ஒரு கணக்குக்காக மறுபடி வாங்குவது எப்படி நியாயமாகும்? லூக்கா சுவிசேஷத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது வேதத்தைப் போதித்த யூத அறிஞர்களைக் குறித்து ஆண்டவர் எச்சரிப்பது இருபதாம் அதிகாரத்தின் கடைசி வசனம். சபையின் பெயரால் ஏழைகளிடம் பணம் வாங்கும் எந்தக் கையும் அந்த வசனத்துக்கு அஞ்சவேண்டும். நான் அஞ்சினேன், அதில் தவறில்லை.

ஆனால் அடுத்த வசனத்தில் அதிகாரம் மாறுகிறது. இருபத்தொன்றாம் அதிகாரம் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையோடு தொடங்குகிறது. ஆண்டவர் அவள் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம் போட்டதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து, இது வேண்டாம் அம்மா, வீட்டுக்குக் கொண்டுபோ என்று சொல்லவில்லை. ஒரு வசனத்தை வைத்து என்னை நியாயப்படுத்திக்கொண்டால் அடுத்த வசனம் என்னைக் கேள்வி கேட்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதியவருக்கு இரண்டும் ஒருங்கே தெரிந்திருக்கவேண்டும். எனக்கு இன்னும் அது கைகூடவில்லை.

இதை எங்கள் குருவானவரிடம் சொன்னபோது அவர் தீர்ப்பு எதுவும் சொல்லாமல், பழைய ஏற்பாட்டில் சாறிபாத் ஊர் விதவையின் பகுதியை வாசிக்கச் சொன்னார். பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும் மட்டுமே வைத்துக்கொண்டு, அதைத் தானும் மகனும் சாப்பிட்டுச் சாகலாம் என்றிருந்தவளிடம், முதலில் எனக்கு ஓர் அடை செய்து கொண்டுவா என்று தீர்க்கதரிசி எலியா கேட்கிறார். சிறு வயதிலிருந்து இந்தப் பகுதியை விசுவாசத்துக்கு எடுத்துக்காட்டாகவே கேட்டு வந்திருக்கிறேன். அவளிடம் கேட்பதற்கு எலியாவுக்கு எவ்வளவு தாழ்மை வேண்டியிருந்திருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஊருக்கே தீர்க்கதரிசியானவர் ஓர் அந்நிய நாட்டு விதவையின் கடைசிப் பிடி மாவை வாங்கிச் சாப்பிட்டார். நானோ கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, கொடுக்கிறவனாக மட்டுமே இருக்க விரும்பினேன்.

இப்படி எழுதுவதும் சரியா என்று தெரியவில்லை. எலியாவுக்குக் கர்த்தருடைய வார்த்தை உண்டாயிற்று. மாவு செலவழிந்துபோகாது என்ற வாக்குத்தத்தத்தோடு அவர் கேட்டார். பணத்தை வாங்கியிருந்தால் அந்தப் பாட்டியின் வீட்டுப் பானை குறையாது என்று நான் எந்த உரிமையில் சொல்லமுடியும்? அவர் அதற்குப் பின் நோயில் விழுந்திருந்தால், அந்த 3,860 ரூபாய் என் தலையில் அல்லவா இருக்கும்?

எங்கள் அம்மா சோறு பொங்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கைப்பிடி அரிசி ஆலயத்துக்குப் போகும். மழை பொய்த்த ஓர் ஆண்டில் பக்கத்து வீட்டில் அரிசி கடன் வாங்கிவந்த அன்றும் அம்மா ஒரு பிடி எடுத்துப் போட்டதைப் பார்த்து, கடன் வாங்கின அரிசியிலுமா என்று கேட்டேன். "நம்ம வீட்டு அடுப்பு எரியுதுல்லா" என்று மட்டும் சொன்னார்கள். அப்போது அது எனக்கு விளங்கவில்லை. அந்தப் பிடியையும் எடுத்துப் போடாதே என்று யாராவது தடுத்திருந்தால், அம்மா அன்றைக்குத்தான் தன்னை ஏழையாக உணர்ந்திருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

அப்படிப் பிடி பிடியாகக் கொடுக்கிறவர்களின் ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான் 1903ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்நிய நாட்டுக் காசை எதிர்பார்க்காமல் இந்தியரின் பணத்தில், இந்தியரின் நிர்வாகத்தில், இந்திய ஊழியர்களைக் கொண்டு நடத்தவேண்டும் என்பதே அதன் கொள்கை. அதில் முன்நின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910ஆம் ஆண்டு எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அவர் மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்து, ஏழைகளுக்கு உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், ஆனால் நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் பேசினார். வாலிபர் கூட்டங்களில் நான் இந்தப் பேச்சைப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். கொடுத்துக்கொண்டே இருப்பவர்கள் பெற்றுக்கொள்கிறவர்களைச் சமமாக மதிக்கத் தவறுகிறார்கள் என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்த பாடம். மாநாட்டில் அமர்ந்திருந்த அந்த மிஷனரிகளின் இடத்தில் நானும் ஒருநாள் உட்கார்வேன் என்று எண்ணியதில்லை.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பாதி உண்மையாகிவிடும். ஏழைகள் நிதிக்கு நன்கொடை ரசீது போடும் புத்தகம் என் மேஜையின் அதே இழுப்பறையில்தான் இருந்தது. அவருடைய பெயரை எழுதி, தொகையை எழுதி, கார்பன் தாளை நகர்த்திக் கிழித்துக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். பழைய கணக்கைத் திறக்கவேண்டியதில்லை; நான் கட்டிய விஷயமும் வெளிவந்திருக்காது. அந்தப் பணம் இன்னொரு பிள்ளையின் மருந்துக்குப் போயிருக்கும். இது எனக்குப் பிறகு தோன்றிய யோசனை அல்ல. பொட்டலத்தைப் பார்த்த அதே நொடியில் தோன்றியது. தோன்றியும் நான் இழுப்பறையைத் திறக்கவில்லை.

எண்ணி முடித்த இருப்பை மறுபடி எண்ணச் சோம்பல் என்பது ஒரு காரணம். அது சின்னக் காரணம். அந்த ஆண்டில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் புரளாமல், உம்மிடத்தில் ஒப்புக்கொடுக்கிறேன் ஆண்டவரே, நீரே பார்த்துக்கொள்ளும் என்று பல இரவுகள் ஜெபித்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு ஆறுதலாக இருந்தவற்றுள் அந்த 3,860 ரூபாயும் ஒன்று. வாயால் சொல்லவில்லை, ஆனால் நான் கொடுத்ததை நீர் அறிவீர் என்று ஒவ்வொரு ஜெபத்துக்குள்ளும் அதை வைத்திருந்தேன். அவரிடமிருந்து அந்தத் தொகையை வாங்கிவிட்டால், அது எந்த நிதிக்குப் போனாலும், என் காணிக்கை வெறும் கைமாற்றாகிவிடும் என்று மனம் எங்கோ பதறியிருக்கிறது. இடது கைக்குத் தெரியாமல் கொடுத்ததாகப் பெருமைப்பட்டேன். என் வலது கையோ பதினான்கு மாதங்களாக அதைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆலயத்தில் காணிக்கை படைக்கும்போது, எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம் என்று சொல்கிறோம். பழைய ஏற்பாட்டில் தாவீது ராஜா இதைச் சொல்லுமுன், இப்படி மனப்பூர்வமாய்க் கொடுக்கும் திராணி உண்டாவதற்கு நான் எம்மாத்திரம் என்று வியக்கிறார். கொடுக்கும் திராணியே வாங்கியதுதான் என்றால், பதினான்கு மாதங்கள் பீடி சுற்றி அந்தப் பாட்டி சேர்த்த திராணியை அவருக்குத் தந்தவர் யார்? அதை வேண்டாம் என்று கண்ணாடித் துளை வழியாகத் திருப்பித் தள்ளியது யார்? இந்தக் கேள்வியோடு ஞாயிறுதோறும் பலிபீடத்தின் முன் நிற்கிறேன்.

சில நாட்கள் கழித்துக் காவலாளி பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். அன்று இரவு ஒரு பாட்டி வாசலில் நின்று, கோயில் உண்டியல் எங்கே இருக்கிறது என்று விசாரித்தாராம். சிற்றாலயத்தைப் பூட்டியாயிற்று, காலையில் வாருங்கள் என்று இவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அவர் நடந்துபோனாராம். காலையில் வந்தாரா என்று கேட்டேன், வரவில்லை என்றார்.

பேரனின் பழைய கோப்பில் ஊர்ப் பெயர் இருக்கிறது. இங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். போகலாம் என்று இரண்டு சனிக்கிழமைகள் புறப்பட்டேன். நன்கொடை ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனால், அந்த வீட்டு வாசலில் கடன் வசூலிக்க வந்தவனாகத்தான் தெரிவேன். எடுக்காமல் போனால், எதற்காக வந்தீர்கள் ஐயா என்று அவர் கேட்கும்போது என்ன சொல்வேன்? நான் செய்தது தவறு என்று சொல்லி என் மனப்பாரத்தை அவர் முன் இறக்கிவைப்பது, அவரிடம் இன்னொன்றைக் கேட்டு வாங்குவது போலாகாதா? ஒருவேளை அதைத்தான் செய்யவேண்டுமோ என்றும் தோன்றுகிறது. அவர் விட்டுப்போன சீட்டு இழுப்பறையில் ரசீதுப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. யாருக்காவது ரசீது போடப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அது கையில் தட்டுப்படுகிறது, இன்றும் பட்டது.