உறைபனி ஏன் பள்ளத்தைத் தேடிப் போகிறது?

ஊட்டியில் உறைபனிக் காலம் தொடங்கினால் முதலில் வெளுப்பது தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம். எல்லாமே தாழ்வான இடங்கள். பள்ளத்துத் தேயிலை கருகிக் கிடக்கும்போது, நாலு வரிசை மேலே சரிவில் இருப்பது பச்சையாகவே நிற்கும். மேலே போனால் குளிரும் என்ற கணக்கு இந்த இரவுகளில் தலைகீழ்.

காரணம், காற்றின் எடை. ஊட்டி உயரத்தில் (2,240 மீட்டர்) ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் சுமார் 920 கிராம், 0 டிகிரியில் சுமார் 990 கிராம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். லேசாகக் காற்றடித்தாலே மேலே உள்ள சூடு கலந்துவிடும், பனி பிடிக்காது.

கனத்த காற்று மேட்டுப்பாளையம் வரை இறங்கிவிடாதா? இறங்காது. கீழே போகப்போக அழுத்தம் கூடி, 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி சூடாகும். சுற்றியுள்ள காற்றுக்குச் சமமானதும் நின்றுவிடும்.

குளிர்காற்று உங்கள் தோட்டத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். பொழுது சாய்ந்ததும் முழங்கால் உயரத்தில் பிடித்துப் புகை சாயும் திசையைப் பாருங்கள். அந்த வழியில், தோட்டத்தின் கீழ் ஓரத்தில் அடர்ந்த வேலி இருந்தால் அது அணைக்கட்டு வேலைதான் செய்யும். அடிக்கிளைகளைக் கழித்து வழிவிடுங்கள். அதே வேலி மேல் ஓரத்தில் சாய்வாக இருந்தால் நல்லது, வரும் குளிரைப் பக்கவாட்டில் திருப்பிவிடும்.

வானிலை அறிக்கையில் 3 டிகிரி என்று வந்தால் நிம்மதியாகத் தூங்க வேண்டாம். அது ஆள் மார்பளவு உயரத்தில், பெட்டிக்குள் எடுத்த அளவு. புல் மட்டத்தில் அதைவிட மூன்று நாலு டிகிரி குறைவாக இருக்கலாம். தெர்மாமீட்டரை உங்கள் தோட்டத்திலேயே தாழ்ந்த பாத்தியில், செடி உயரத்தில் வையுங்கள்.

கேரட் பாத்தியில் வைக்கோல் பரப்புவது இந்தக் காலத்தில் கெடுதல். மண்ணின் சூடு மேலே வர விடாது, இலை இன்னும் குளிரும். ஈரமான வெறும் மண்தான் பகல் வெயிலைச் சேர்த்து வைக்கும். அதனால் முந்தின நாள் காலையிலேயே தண்ணீர் பாய்ச்சிவிட வேண்டும். மூடுவதென்றால் கோத்தகிரி மிலார் என்ற செடியின் தழை சரி. பிளாஸ்டிக் என்றால் குச்சி நட்டு, இலையில் படாமல் போடுங்கள். பட்ட இடம் கருகும்.

உறைபனியிலிருந்து காக்க இரவில் செடிமேல் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளரில்தான் பலர் ஏமாறுவது. ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெளிவிடும், அதுதான் இலையைக் காக்கிறது. பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகி, கிராமுக்கு சுமார் 600 கலோரியை இலையிலிருந்தே பிடுங்கும். பனி பிடிக்குமுன் தொடங்கி, வெயில் வந்து பனிக்கட்டி தானாக உருகும்வரை ஓட வேண்டும். நடுராத்திரியில் கரண்ட் போகிற இடம், கிணற்றில் தண்ணீர் பத்தாத இடம் என்றால் மோட்டாரைத் தொடாமல் இருப்பதே மேல்.