மூல நட்சத்திரத்தைத் தேடி சுங்கை சிப்புட்டுக்கு

என் அத்தை மூல நட்சத்திரத்தில் பிறந்தவர். ‘ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்’ என்ற ஒரே ஒரு வரி அவருடைய இருபது வயதுகளை விழுங்கிவிட்டது. மாமனாருக்கு ஆகாது என்று சொல்லியே வந்த வரன்களெல்லாம் திரும்பிப் போயின. கடைசியில் தகப்பனார் இல்லாத மாப்பிள்ளையாகத் தேடிப் பிடித்து, முப்பத்து நான்கு வயதில் கல்யாணம் செய்துவைத்தார்கள். அந்த நட்சத்திரத்தை அவருக்கு ஒருமுறை நேரில் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

கோலாலம்பூரில் அது நடக்காது. எங்கள் அடுக்குமாடியில் இருந்து பார்த்தால் விரல்விட்டு எண்ணக்கூடிய புள்ளிகள்தான் தெரியும். அதனால் ஜூலை அமாவாசையை ஒட்டி லீவு போட்டு, பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்குக் காரை விட்டேன். ஜூன், ஜூலையில் இந்த மேற்குக் கரையில் மழை கொஞ்சம் குறைவு. புகைமூட்டம் வந்துவிட்டால் மட்டும் எல்லாம் வீண். நல்லவேளை, அன்று இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு லாசா போகும் சாலையில், அத்தை முன்பு வேலை செய்த தோட்டத்துக்குப் போனோம். பால்மரங்கள் என்கிற ரப்பர் மரங்கள் போய் இப்போது எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. மட்டைகள் வானத்தை மூடிவிடும், ஆகவே மாரியம்மன் கோயில் திடல்தான் வசதி. பூசாரி ஐயாவிடம் கேட்டுக்கொண்டோம். பூசை முடிந்ததும் வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

பாய் விரித்து, கொசுவத்தி ஏற்றி, கைப்பேசியைப் பைக்குள் போட்டோம். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். இடையில் ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டாலும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகக் கெடுக்காது என்பதால், டார்ச்சின் முகப்பில் சிவப்பு மிட்டாய்த் தாளைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தேன்.

“விடியக்காலைல நெத்தியில விளக்கக் கட்டிக்கிட்டு இதே வழியாத்தான் போவோம். மரத்துல வெட்டு சரியா விழுதான்னு பாப்போம். அண்ணாந்து பாக்க எங்கம்மா நேரம்?” என்றார் அத்தை. விடிவெள்ளி ஒன்றுதான் அவருக்குப் பழக்கம்.

ஒன்பதரை மணிக்கெல்லாம் வானம் நிறைந்துவிட்டது. துருவ நட்சத்திரம் இந்த ஊரில் அடிவானத்தில் இருந்து 5 பாகை உயரம்தான், மலை மறைத்துக்கொண்டது. தென்மேற்கில் தென்சிலுவை எனப்படும் திரிசங்கு சாய்ந்து, ஈப்போ நகரத்து வெளிச்சத்தில் பாதி கரைந்துபோயிருந்தது. அதற்கு மேலே, தெற்கில் நல்ல உயரத்தில் விருச்சிகம்! ராசிக்கட்டத்தில் எட்டாவது வீடாக மட்டுமே தெரிந்த தேள், அங்கே உண்மையாகவே தேளாக நின்றது. நடுவில் செக்கச்செவேலென்று கேட்டை. அங்கிருந்து இடப்பக்கம் கீழே இறங்கிக் கொக்கிபோல் வளைகிறது வால். வாலின் நுனியில் ஒட்டினாற்போல் இரண்டு நட்சத்திரங்கள். அதில் பெரியது, நீலம் கலந்த வெள்ளையாக மின்னுவதுதான் மூலம்.

மூலம் என்றால் வேர். நம் பால்வெளியின் மையமும் அந்த வாலுக்குப் பக்கத்தில்தான், சுமார் 26,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. பால்வெளி அங்கேதான் மாவு கொட்டியதுபோல் அடர்ந்து தெரிந்தது.

அத்தையின் கையைப் பிடித்து விரலை அந்தப் பக்கம் நீட்டினேன். வானத்தில் நிலா போகும் வழியை 27 பங்காகப் பிரித்து, நாம் பிறந்த நேரத்தில் நிலா எந்தப் பங்கில் நின்றதோ அதைத்தான் ஜென்ம நட்சத்திரம் என்கிறார்கள். நிலா மாதம் தவறாமல் மூலத்தைக் கடந்து போகிறது. அது போகிற நாளில் பிறந்த பெண் குழந்தை என்ன தப்பு செய்தது? இதை அத்தையிடம் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது.

அவர் பதில் பேசவில்லை. தெர்மாஸ் மூடியில் ஊற்றிக் கொடுத்த வரக்காப்பி ஆறிப்போனது. வெகுநேரம் கழித்து, “பக்கத்துல இன்னொண்ணு இருக்கே, ஒத்தையா இல்ல பாரு” என்றார்.

பதினொன்றரைக்கு மலைப்பக்கம் இருந்து மேகம் ஏறத் தொடங்கியது. போகலாமா என்று கேட்டேன். “இரும்மா, அது மறையட்டும்” என்று பாயில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.