1981-ஆம் ஆண்டுப் பெட்டி

ஆளுக்கொரு பாத்திரமாகி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேச்சாலும் பகடையாலும் ஆடும் கற்பனைச் சாகச ஆட்டம் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. டாம் மோல்ட்வே தொகுத்து 1981-இல் வெளிவந்த அதன் அடிப்படைப் பெட்டி என்னிடம் வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவின் மில்வாக்கி நகருக்குத் தெற்கே ஒரு வீட்டில், காலமான ஒருவரின் பொருள்களை உறவினர்கள் விற்றுக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமையன்று, சதுரங்கப் பலகைகளுக்கும் பழைய புதிர்ப் பெட்டிகளுக்கும் அடியில் அதைக் கண்டெடுத்தேன். எல்லாம் உள்ளே இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தபோது பகடைகளும், அவற்றில் குழிந்திருக்கும் எண்களில் தேய்த்து நிறமேற்றுவதற்காகத் தரப்பட்ட மெழுகுக் கிரேயானும் இல்லை. மேல்மூடியின் நான்கு மூலைகளும் பிளந்திருந்தன. ஆனால் ஈரோல் ஓட்டஸ் வரைந்த பச்சை டிராகனும், அதன் எதிரே கையில் மந்திர நெருப்போடு நிற்கும் பெண்ணும் நிறம் மங்காமல் இருந்தார்கள்.

புத்தகத்துக்குள் ஒரு காகிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. யாரோ ஒரு சிறுவனோ சிறுமியோ பென்சிலால் எழுதிய வீரன் ஒருவனின் விவரத்தாள் அது. வீரன் இன்னும் எவ்வளவு அடி தாங்குவான் என்று காட்டும் உயிர்ப்புள்ளியை எழுதும் கட்டத்தில் மட்டும் அழித்து அழித்துக் காகிதம் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிந்துபோயிருந்தது. கடைசியாக எழுதப்பட்டிருந்த எண் 1. சேகரிப்பாளர்கள் இத்தகைய பிரதிகளுக்குக் குறைந்த விலையே தருவார்கள். பிரிக்கப்படாத பெட்டிக்குத்தான் மதிப்பு. எனக்கு அந்த வீரனின் தாள் அந்தப் பெட்டியிலுள்ள எல்லாவற்றையும்விட விலை உயர்ந்தது.

இந்த ஆட்டம் பிறந்த லேக் ஜெனீவா, மில்வாக்கியிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது. அங்கே வாழ்ந்த கேரி கைகாக்ஸும், மினசோட்டாவில் பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டை நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்த டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கியதை 1974-இல் மூன்று சிறு புத்தகங்களாக, மரத்தின் ரேகை போல அச்சிட்ட பெட்டியில் போட்டு, முதலில் ஆயிரம் பிரதிகள் மட்டும் வெளியிட்டார்கள். அந்த முதற்பதிப்பு என் கைக்கு எட்டாது. அதைப் பற்றி எனக்கு ஏக்கமும் இல்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே போர் விளையாட்டுகளை அறிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. மோல்ட்வேயின் 64 பக்கங்களோ, இந்த ஆட்டத்தைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதற்காக எழுதப்பட்டவை. ஒவ்வொரு தாளிலும் மூன்று துளைகள் இருக்கின்றன. அடுத்து வந்த ‘எக்ஸ்பர்ட்’ புத்தகத்தையும் இதையும் பிரித்து ஒரே கோப்பில் கோத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

வாங்கிய புதிதில் நான் அதை அலமாரிப் பொருளாகவே வைத்திருந்தேன். சென்ற குளிர்காலத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஆடப்போகிறவனாகப் படித்தேன். அப்போதுதான் முன்பு புரட்டிவிட்டுப் போன ஒரு சிறிய அட்டவணை என்னை நிறுத்தியது. எதிர்ப்படும் உயிரினம் என்ன செய்யும் என்று முன்கூட்டியே தெரியாதபோது ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை 2 வந்தால் உடனே தாக்கும்; 3 முதல் 5 வரை என்றால் பகைமையோடு இருக்கும், தாக்கவும் கூடும்; 6 முதல் 8 வரை என்றால் என்ன செய்வதென்று குழம்பி நிற்கும்; 9 முதல் 11 வரை என்றால் தாக்காது, விலகிப் போகும் அல்லது பேரத்துக்குச் செவி கொடுக்கும்; 12 வந்தால் மனமுவந்து நட்பாகிவிடும். இரண்டு பகடைகள் 36 விதமாக விழும். அவற்றில் ஒரே ஒரு விதத்தில்தான் 2 வரும். இருட்டுக் குகையில் கோப்ளின் என்னும் குட்டி அரக்கன் ஒன்றைச் சந்தித்தால், அது பேச்சே இல்லாமல் பாய்ந்து வெட்டுவது 36-இல் ஒரு முறைதான் நிச்சயம் என்று இந்த ஆட்டம் அமைதியாகச் சொல்கிறது. அரக்கர்களைக் கொன்று குவிப்பதே இந்த ஆட்டம் என்று நானும்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மற்ற விதிகளும் அந்த அட்டவணைக்கே துணை நிற்கின்றன. ஒரு கோப்ளினைக் கொன்றால் 5 அனுபவப் புள்ளிகள். மீட்டு வரும் பொற்காசு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. போர்வீரன் இரண்டாம் நிலைக்கு உயர 2,000 புள்ளிகள் தேவை. வாளை உருவாமல் 250 காசுள்ள ஒரு பையைத் தூக்கி வருவது, 50 கோப்ளின்களை வெட்டுவதற்குச் சமம். உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் சாவுதான் என்னும் உலகில், இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் யாரும் சண்டையைத் தேடிப் போகமாட்டார்கள். எதிரிகளுக்கும் அச்சம் உண்டு. அவர்களில் முதல் ஆள் விழும்போதும், பாதிப் பேர் விழும்போதும் அவர்களுடைய மனவுறுதியைப் பகடையால் சோதிக்க வேண்டும். தவறினால் ஓடுவார்கள் அல்லது சரணடைவார்கள். வெளிச்சத்துக்கும் கணக்கு உண்டு: ஆட்டத்துக்குள் பத்து நிமிடம் ஒரு சுற்று. ஆறு சுற்றில் ஒரு தீப்பந்தம் அணையும்.

பெட்டியில் கைகாக்ஸ் எழுதிய ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ என்ற சாகசமும் இருக்கிறது. எல்லைக் கோட்டை ஒன்று, அதற்குச் சற்றுத் தொலைவில் பல இனத்தார் குடியிருக்கும் குகைகள். கோட்டைத் தலைவருக்கும் பூசகருக்கும் பெயர்கூடத் தரப்படவில்லை. நடத்துபவரே வைத்துக்கொள்ள வேண்டும். கோட்டையில் உலவும் வதந்திகளில் ஒன்று, ‘ப்ரீ-யார்க்’ என்றால் கோப்ளின் மொழியில் ‘சரணடைகிறோம்’ என்று பொருள் என்பது. அது பொய். உண்மையில் அது ஆபத்தில் கோப்ளின்கள் எழுப்பும் கூவல். அதைக் கூவிக்கொண்டே அவை 250 பொற்காசுள்ள பையை அடுத்த குகையிலுள்ள ஓகர் என்னும் பெரிய அரக்கனிடம் எறியும், கூலி வாங்கிய ஓகர் சண்டைக்கு வரும். ஒரு வதந்தி, ஒரு பை, ஒரு கூலியாள். இவ்வளவு சிக்கனமான, இவ்வளவு உயிருள்ள அமைப்பை நான் பிற்காலத்துத் தடித்த புத்தகங்களில் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

சென்ற மாதம் என் மனைவி, பதின்மூன்று வயது மகள், மைத்துனர், அவருடைய மகன் ஆகிய நால்வரையும் அந்தக் குகைகளுக்கு அழைத்துச் சென்றேன். ஆட்டத்தில் மகள் மூன்றே உயிர்ப்புள்ளிகள் கொண்ட திருடி. அந்த வதந்தி அவளுக்குத்தான் கிடைத்திருந்தது. ஆறு கோப்ளின்கள் தீப்பந்த வெளிச்சத்தில் எதிர்ப்பட்டதும், யாரையும் கேட்காமல் எழுந்து நின்று, “ப்ரீ-யார்க்!” என்று கத்தினாள். நான் பகடையை உருட்டினேன். ஆறும் ஐந்தும். தங்கள் கூவலை மனிதர்கள் ஏன் எழுப்புகிறார்கள் என்று புரியாமல் கோப்ளின்கள் ஈட்டியைத் தாழ்த்தின. மகள் வெற்றியோடு என்னைப் பார்த்தாள்.

ஆனால் சுவருக்கு அந்தப்பக்கம் கூலிக்காரன் ஒருவன் இருக்கிறான் அல்லவா? கனத்த காலடிச் சத்தம் கேட்கிறது என்றேன். ஓகர் வளைவில் வந்து நின்று, கூப்பிட்டது யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து, உள்ளங்கையை நீட்டியது. மைத்துனர் மகன் வில்லை எடுக்கப் போனான். மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு என் மனைவியிடம் திரும்பினாள்.

“அம்மா, நம்மகிட்ட மொத்தமா எவ்வளவு காசு இருக்கு?”

38 இருந்தது. மணி பத்தரை ஆகிவிட்டதால் அங்கேயே நிறுத்தினோம். வருகிற சனிக்கிழமை அதே வளைவிலிருந்து தொடங்குகிறோம். தீப்பந்தத்தில் இன்னும் இரண்டு சுற்று மீதமிருக்கிறது.