பொத்தான் அமுக்குற வேலை இல்லைங்க

“வெடி வைக்கிற வேலையா? பொத்தானை அமுக்கினா முடிஞ்சது” என்கிறார்கள். 2022 ஆகஸ்ட் 28 அன்று டெல்லி பக்கத்து நொய்டாவில் இரட்டைக் கோபுரக் கட்டடத்தை வெடி வைத்துச் சரித்த வீடியோ செய்த வேலை இது. தூண் தூணாகத் துளை போட்டு 3,700 கிலோ வெடிமருந்து நிரப்பியதை யார் பார்த்தார்கள்?

எங்கள் கல்குவாரியிலும் அப்படித்தான். மருந்து போடப் பாறையில் துளைத்த குழியில் தண்ணீர் நிற்கிறதா, பாறையில் விரிசல் ஓடுகிறதா என்று பார்ப்பதிலேயே காலை போய்விடும். ஈரம் பட்டால் அம்மோனியம் நைட்ரேட்டும் டீசலும் கலந்த மருந்து வேலைக்கு ஆகாது. மருந்துக்கு மேலே சிப்ஸ் ஜல்லி போட்டுக் குழியின் வாயை அடைக்க வேண்டும். கெட்டிக்க மரக்கோல்தான், இரும்புக் கம்பியை எடுத்தவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். எல்லாக் குழியும் ஒன்றாக வெடிக்கக் கூடாது, மில்லி செகண்ட் கணக்கில் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வு ஊருக்குள் போய், பஞ்சாயத்து நம் வாசலுக்கு வரும்.

சத்தம் அடங்கிய பிறகுதான் எனக்குப் படபடப்பு. வெடிக்காத குழி ஏதாவது தங்கிவிட்டதா என்று முதலில் போய்ப் பார்ப்பது நான்தான். அதுவரை டிப்பர்காரர் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் சரி, உள்ளே விட மாட்டேன்.

அப்புறம், தீபாவளிக்கு “அண்ணே, நல்ல வெடியா கொஞ்சம்...” என்று இன்பாக்ஸில் வருகிறவர்களுக்கு: குவாரியில் ஒவ்வொரு வெடிமருந்துத் தோட்டாவுக்கும் ரிஜிஸ்டரில் கணக்கு உண்டு. சிவகாசிக்குப் போங்கப்பா!