டீஹியூமிடிபயர் ஓடுகிறது, வாளியில் தண்ணீர் இல்லை

மாரி தொடங்கி இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறக்கிற நாட்களில் கிளிநொச்சியில் துணி காயாது, அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய கவலை ஒரு சின்ன அறை. இடப்பெயர்வு முழுக்க அம்மா பொலித்தீனில் சுற்றி மடியை விட்டு இறக்காமல் காப்பாற்றிய காணி உறுதியும், மிஞ்சிய கொஞ்சப் படங்களும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றுக்காகவே லண்டன் மாமா, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வாளியில் தண்ணீராகச் சேர்க்கிற, தான் பாவித்த டீஹியூமிடிபயரை அனுப்பிவைத்தார். அங்கும் இங்கும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்பதால் நேராகவே செருகலாம். கனடாவில் இருந்து வருகிற 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் மெஷின் என்றால் அது வேறு தலையிடி.

போன மாரியில் மெஷின் நாள் முழுக்க ஓடியது. வாளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

பில்டரைக் கழுவிப் போட்டேன். வாளி நிறைந்தால் மெஷினை நிறுத்துகிற மிதவையும் தடையில்லாமல் அசைந்தது. அடுத்ததாக, மெஷின் ஈரப்பதனைச் சரியாகத்தான் அளக்கிறதா என்ற சந்தேகம். அறை காய்ந்துவிட்டது என்று சென்சர் தவறாக நினைத்தால் குளிரை உண்டாக்கும் கம்ப்ரசர் வேலையே செய்யாது, காற்றாடி மட்டும் சுற்றும். கடையில் வாங்கிய மலிவான ஈரப்பதமானி ஒன்று இருந்தது. அதை நம்பலாமா என்று பார்க்க உப்பே போதும். போத்தல் மூடி ஒன்றில் கறியுப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை தண்ணீர் சொட்டுச் சொட்டாக விட்டு, மானியோடு சேர்த்து இறுக்கமான டப்பாவுக்குள் இரவு முழுக்க மூடி வைக்க வேண்டும். உள்ளே ஈரப்பதன் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். என் மானி 77 காட்டியது. சரி, இரண்டைக் கழித்துக்கொண்டால் போதும். அறையில் அப்படிக் கணக்குப் பார்த்தபோது 84. மெஷினின் திரையில் 83. சென்சரில் பிழையில்லை.

அப்புறம்தான் காற்று வெளியே வருகிற இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். இந்த மெஷினில் இருந்து குளிர்காற்று வர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அறைக் காற்று முதலில் குளிர்ந்த கொயிலைத் தொட்டு ஈரத்தை அங்கே விட்டுவிட்டு, பிறகு சூடான கொயில் வழியாக வெளியேறும். ஆகவே நல்ல மெஷினின் காற்று அறையைவிட வெதுவெதுப்பாக இருக்கும். எங்களுடையதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

திருத்தும் இடத்தில் பார்த்தவுடனேயே, குளிரூட்டும் கேஸ் முடிந்துவிட்டது, அடிக்க வேண்டும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. காதை வைத்துக் கேட்டால் கம்ப்ரசர் சில விநாடிகள் உறுமி, ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அதேபோல. கேஸ் மட்டும் குறைந்திருந்தால் கம்ப்ரசர் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கொயில்தான் குளிராது. கம்ப்ரசரைக் கிளப்பிவிட உதவுவது கப்பாசிற்றர் என்ற சின்னப் பாகம். “அண்ணை, முதலில் கப்பாசிற்றரை ஒருக்கால் அளந்து பாருங்கோ” என்று கேட்டேன். அவரும் முகம் சுழிக்காமல் கழற்றினார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும், அதனால் அவர் அதை வெளியேற்றிவிட்டுத்தான் தொட்டார். தெரியாதவர்கள் மூடியைத் திறக்கவே கூடாது. மேலே 10 மைக்ரோபரட் என்று எழுதியிருந்தது, மீற்றரில் நாலுகூட வரவில்லை. அதே அளவில் புதிதொன்று போட்டதும் கம்ப்ரசர் ஒரே சீராக ஓடத் தொடங்கியது. கேஸ் அடிக்கிற செலவோடு பார்த்தால் இது ஒன்றுமேயில்லை.

வீட்டில் கொண்டுவந்து போட்டுக் கொஞ்ச நேரத்தில் காற்று சுட்டது, கொயில் முழுக்க வியர்த்தது. அறைச் சுவரில் கூரையோடு ஒட்டியிருந்த காற்றுத் துவாரங்களையும் பிளைவூட் வெட்டி அடைத்தேன். அவை திறந்திருந்தால் வெளியே பெய்கிற மாரி முழுவதையும் அந்தச் சின்ன மெஷின்தான் உலர்த்த வேண்டும். இப்போது 55 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். கடதாசிக்கு அது போதும்.

குளிர்நாட்டவர்கள் எழுதும் ஆலோசனைகளில் கொயிலில் ஐஸ் பிடிப்பது பெரிய இடம் பிடிக்கும். அறை 15 பாகைக்குக் கீழே போகிற ஊர்களில் அது வழமை. வன்னியில் அந்தக் குளிர் இல்லை; இங்கே ஐஸ் பிடித்தால் காற்றோட்டம் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது சரியென்றால் கேஸைச் சந்தேகியுங்கள். கச்சான் என்ற வறண்ட காற்று வீசுகிற மாதங்களில் வாளி வெறுமையாகக் கிடந்தால் மெஷினைக் கழற்றுவதற்கு முன் மானியைப் பாருங்கள். அறை ஏற்கெனவே காய்ந்துதான் இருக்கும்.