ஜிம்மி கிளிஃபும் எங்கள் நைட் ஷிஃப்டும்

2008 ஏப்ரலில் 'தஷன்' என்ற இந்திப் படம் வந்தபோது நான் மும்பை மலாடில் ஒரு கால் சென்டரில் வாய்ஸ் ட்ரெய்னர், அதாவது இங்கிலீஷ் உச்சரிப்பு சொல்லித்தருகிறவன். சைஃப் அலி கானுக்குக் கால் சென்டர் வேலை என்று கேள்விப்பட்டதும் எங்கள் டீம் ஷிஃப்ட் முடிந்த கையோடு, தூங்காமல் தியேட்டருக்குப் போனது. படம் ஊத்திக்கொண்டது. 'தூம்' படங்களுக்கு எழுதிய விஜய் கிருஷ்ண ஆச்சார்யா முதல்முறையாக இயக்கியது. கடைசியில் எல்லாரும் பேசியதோ கரீனா கபூரின் 'சைஸ் ஜீரோ' உடம்பைப் பற்றி.

சமீபத்தில் மறுபடி பார்த்தேன். சண்டைகள் இப்போதும் ஓட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் அன்றைக்குக் காதைப் பொத்திக்கொள்ள வைத்த அனில் கபூரின் பையாஜியை இந்த முறை விடவே முடியவில்லை. ஆள், பணம், துப்பாக்கி எல்லாம் இருக்கிற தாதா, இங்கிலீஷ் மட்டும் வரவில்லை. அதைச் சொல்லித்தரத்தான் ஜிம்மி கிளிஃப், அதாவது சைஃப், வருகிறான்.

அப்போது எங்களில் பலர் வெளியே ட்யூஷனும் எடுப்போம். என்னிடம் கோரக்பூர்க்காரர் ஒருவர் வந்தார், கட்டட கான்ட்ராக்டர். சைட்டில் அவர் ஒரு சத்தம் போட்டால் போதும், மேஸ்திரிகள் அடங்கிவிடுவார்கள். மகளின் பள்ளிக்கூட மீட்டிங்கில் மட்டும் வாயே திறக்க மாட்டாராம். ஒரு வாக்கியம் வரவில்லையென்றால் முதலில் சிரிப்பார், அப்புறம் "வேணும்னே கஷ்டமா சொல்லித் தர்றீங்க, மாஸ்டர்ஜி" என்று என் மேலேயே பாய்வார். உச்சரிப்பில் தாய்மொழி எட்டிப் பார்ப்பதை நாங்கள் எம்.டி.ஐ. என்போம், அதற்கு மார்க் குறைப்போம். இவருக்கு எந்த மார்க்கைக் குறைப்பது? பையாஜி சிரித்துக்கொண்டே கத்தும்போதெல்லாம் எனக்கு இவர் முகம்தான் தெரிந்தது. அனில் கபூர் மிகையாக நடிக்கிறார் என்று இனி என்னால் சொல்ல முடியாது.

ஜிம்மி கிளிஃபின் நிஜப் பெயர் ஜீதேந்திர குமார் மக்வானா. எங்கள் ஃப்ளோரில் இது சர்வசாதாரணம். ஹெட்செட்டை மாட்டியதும் சந்தோஷ் ஸ்டீவ் ஆகிவிடுவான், ஜெயஸ்ரீ ஜெஸிக்கா. அந்தப் பெயரிலேயே டீக்கடையில் கணக்கு வைத்திருந்தவர்களும் உண்டு. கான்பூர் ரவுடி அக்‌ஷய் குமாருக்குக்கூட பெயர் பச்சன் பாண்டே! கரீனாவும் வெகுளி வேஷம் போட்டு ஜிம்மியை ஏமாற்றி, தாதாவின் பணத்தோடு கம்பி நீட்டுகிறாள். காதல், துரத்தல் எல்லாம் அதற்கப்புறம்தான். ஆளுக்கொரு வேஷம் என்பதை வைத்துக்கொண்டால் படத்தின் ஜிகினா அவ்வளவாக உறுத்தவில்லை.

ஒரு குறை மட்டும் அப்படியே இருக்கிறது. ஜிம்மியின் வேலையைப் படம் சீக்கிரமே மறந்துவிடுகிறது. விடியற்காலை கேப், திட்டுகிற கஸ்டமர், நிமிஷக் கணக்குப் பார்க்கும் டீம் லீடர், எதுவும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், அதே 2008இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் அனில் கபூர் இருந்தார். அதில் நாயகன் மும்பை கால் சென்டரில் டீ கொடுக்கிற பையன், அவன் கலந்துகொள்ளும் டிவி வினாடி வினாவை நடத்தும் அனில் கபூர் மேடையிலேயே அவனை நக்கலடிப்பார். அந்தப் படத்துக்கு எட்டு ஆஸ்கர் கிடைத்தது. எனக்கென்னவோ எங்கள் ஃப்ளோர் ஆட்கள் அதைவிட 'தஷன்' பக்கம்தான் அதிகம் தெரிகிறார்கள்.